புரூனோ சோதனை

மாவரைக்கும் கிரைண்டர் செய்யும் கோவை சென்னியப்பன் மேல் ஒரு பெரிய கம்பெனி வழக்குப் போட்டது. தாங்கள் காப்புரிமை வாங்கிய பல்சக்கரத்தை அவர் திருடிவிட்டாராம். தோற்றால் அவர் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

அவருக்காகச் சாட்சி சொல்ல வந்த நிபுணர் பேராசிரியர் ஞானசிகாமணி. பல்சக்கரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தெரியாததைக் கேட்டாலும் ஏதாவது பதில் சொல்லிவிடுவார். குறுக்கு விசாரணையில் ஒரு பதில் சறுக்கினால் போதும், மற்றதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

"தெரியாதுன்னு சொல்ல அவரை நாளைக்குள்ள பழக்கிடும்மா," என்று ஜூனியர் திலகவதியிடம் சொல்லிவிட்டு, சென்னியப்பனின் சீனியர் வக்கீல் நழுவிவிட்டார்.

ஒத்திகையில் திலகவதி எதிர்த்தரப்பு வக்கீலாக நின்றாள்.

"என்னையா மடக்கப் போறே?" என்று பேராசிரியர் சிரித்தார்.

"ஒரே கேள்வி சார். மாவுச் சூட்டை அளக்கிற புரூனோ சோதனையை இந்த கிரைண்டருக்குச் செஞ்சீங்களா?"

"செஞ்சாச்சே. முடிவு ரொம்பத் திருப்தி."

"புரூனோ எங்க பக்கத்து வீட்டு நாய் சார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் பல்சக்கரத்தை விட்டுவிட்டு, மோட்டார் சூட்டில் மாவு எவ்வளவு சீக்கிரம் புளிக்கும் என்று இனிமையாகக் கேட்டார். பேராசிரியரின் வாய் தானாகத் திறந்தது. திலகவதி மேஜையைப் பார்த்துக்கொண்டாள்.

"தெரியாதுங்க. எனக்குப் பல்சக்கரம்தான் தெரியும்."

அதுவரை கன்னத்தில் கைவைத்திருந்த நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ அதைப் பத்தியே சொல்லுங்க," என்று பேனாவைத் திறந்தார்.