ஏழாவது முறை கழற்றிய பிரேக்

"பிரேக் இன்னும் சரியா வரல, மேஸ்திரி," என்றார் போஜன்.

ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியவர். வயது அறுபத்தொன்று.

மேஸ்திரி என்று அவர் அழைத்தது ரஹ்மத்தை. முப்பத்தெட்டு வயதுப் பெண். கோத்தகிரியில் அப்பா விட்டுப்போன பட்டறையை நடத்துகிறாள்.

நான்கு வருடத்துக்கு முன் போஜன் ஏலத்தில் ஒரு பழைய ராணுவ ஜீப் எடுத்தார். லாரியில் ஏற்றி வந்து வீட்டு வாசலில் இறக்கினார். தரைத் தகடு துருவேறி ஓட்டையாகியிருந்தது. எஞ்சின் ஜாம் ஆகிக் கிடந்தது.

அவருக்கு ஓட்டத்தான் தெரியும். பிரிக்கத் தெரியாது.

மறுநாள் காலை பட்டறைக்குப் போய் நின்றார்.

"எனக்குத் தொழில் சொல்லிக்கொடுங்க."

"நானே வந்து முடிச்சுத் தந்துடறேனே, அண்ணா."

"இல்ல. என் கையால செய்யணும்."

ரஹ்மத் ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

இரண்டாம் வருடம் எஞ்சின் ஓடியது. மூன்றாம் வருடம் தகடு வேலையும் பெயின்ட்டும் முடிந்தன. நான்காம் வருடம் முழுக்க பிரேக் மட்டும்தான்.

வண்டி வாசலை விட்டு நகரவே இல்லை. பின் சீட்டில் கோழி முட்டையிட்டது.

இப்போது ரஹ்மத் அவர் வீட்டுக்கே வந்திருந்தாள்.

"எத்தனை தடவை கழட்டினீங்க?"

"ஏழு."

"என்ன குறை இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. ஆனா இருக்கும்."

அவள் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தாள். பிரேக் எண்ணெய்க் குழாய் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள். எங்கும் கசிவில்லை. எழுந்து வந்து பெடலை அமுக்கிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு, அண்ணா."

"அன்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"என்னைக்கு?"

 போஜனின் மனைவி மாதி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள்.

ரஹ்மத் மறுபடி கேட்டாள்.

"என்னைக்கு, அண்ணா?"

"வடக்கே, மலை ரோடு. இதே மாதிரி ஜீப். பக்கத்துல தவசின்னு ஒரு பையன். பரமக்குடிக்காரன். இறக்கத்துல ஒரு கல்லு அடியில பட்டுச்சு. பிரேக் குழாய் உடைஞ்சிருக்கு. அடுத்த வளைவுல மிதிச்சேன். பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு."

டீ ஆறியது. யாரும் எடுக்கவில்லை.

"நான் வெளிய விழுந்தேன். அவன் வண்டியோட பள்ளத்துல போயிட்டான். விசாரணை வச்சாங்க. டிரைவர் மேல தப்பில்லைன்னு எழுதிட்டாங்க."

"நீங்க என்ன எழுதினீங்க?"

போஜன் ஜீப்பின் போனட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கல்லு பட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு, மேஸ்திரி. தவசிக்கும் கேட்டுச்சு. 'அண்ணே, நிறுத்திப் பார்ப்போமா'ன்னான். நல்ல குளிர். எனக்கு இறங்க மனசில்ல. கீழ போய்ப் பார்த்துக்கலாம்னேன்."

மாதி அவரையே பார்த்தாள். முப்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியவள். இதை இன்றுதான் கேட்கிறாள்.

 ரஹ்மத் சுற்றிப் போய் இடது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்க."

"பிரேக் சரியில்லன்னு சொல்றேன்."

"கேட்டுச்சு. ஓட்டுங்க."

"அந்தப் பக்கம் உட்காராதீங்க, மேஸ்திரி."

அவள் நகரவில்லை.

மாதி டீ டம்ளர்களைச் சுவரோரம் வைத்தாள். பின் சீட்டில் கிடந்த வைக்கோலைத் தள்ளிவிட்டு ஏறினாள்.

"நீ எங்க?" என்றார் போஜன்.

"நாலு வருஷமா வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது. நான் ஒரு தடவை ஏறக் கூடாதா?"

போஜன் நாலு டயரையும் சுற்றிப் பார்த்தார். பிறகு ஏறினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது.

வீட்டிலிருந்து சாலை தேயிலைத் தோட்டத்துக்குள் நேராக இறங்கும். கடைசியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதற்கப்பால் பள்ளம்.

அவர் மெதுவாகத்தான் இறக்கினார். ஆனாலும் வண்டி கனமானது. பாதி இறக்கத்தில் வேகம் எடுத்தது. தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வளைவு வந்தது.

"தவசி, பிடிச்சுக்கோ!" என்று கத்தினார் போஜன்.

மிதித்தார்.

டயர் உராய்ந்து சரளை தெறித்தது. வளைவுக்கு ஒரு ஆள் தூரத்தில் வண்டி நின்றது. எஞ்சின் அணைந்தது.

மாதி மூச்சை விட்டாள்.

ரஹ்மத் கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டாள்.

போஜன் அசையவில்லை. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தார். வலது கால் பெடலை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசையில் இறங்கியது.

தோட்டத்துப் பெண்கள் மறுபடி கொழுந்து பறிக்கக் குனிந்தார்கள். போஜன் அப்படியே இருந்தார்.

ரஹ்மத் அவர் முழங்காலில் கை வைத்தாள்.

"வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சு, அண்ணா. காலை எடுங்க."