உப்பளத்துப் பாட்டுக்கு ஆசிரியர் தேடிய கதை

முட்டாள்தனம் என்பது படிக்காதவனுக்கு மட்டுமே சொந்தமான சொத்து என்று வேம்படித்துறை மாசானம் ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது ஒரு சித்திரை மாதத்து உச்சி வெயிலில். அன்றைக்குத்தான் அகில பூலோகத் தொன்மை ஆய்வு மன்றத்தின் ஜீப் அவன் வேலை பார்க்கிற உப்பளத்து வரப்பில் வந்து நின்றது.

மாசானத்துக்கு உப்பு வாருகிற வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால், வாரிக்கொண்டிருந்தபோதே ஒரு பாட்டுக் கட்டினான். நாலே வரிதான்.

மோட்டாரு தண்ணியில பாத்தி நெறையுது
மேஸ்திரி வாயில போனு நெறையுது
ஊரு சோத்துக்கு உப்பு வாருதேன்
எம் வீட்டுக் கஞ்சி சப்புன்னு கெடக்குது

உப்பளம் முழுக்க இந்தப் பாட்டைப் பாடியது. பக்கத்து ஊர் உப்பளங்களும் பாடின. மேஸ்திரியே போனை அணைத்துவிட்டுச் சில சமயம் பாடுவார். அதை மாசானம்தான் கட்டினான் என்று நம்பாத ஒரே ஆள் அவன் மனைவி செல்லக்கனி. ரேஷன் கடையில் நாலு சாமான் வாங்கி வரச் சொன்னால் மூன்றை மறந்துவிட்டு வருகிற மனுஷன் பாட்டுக் கட்டினாராம், அதையும் நான் நம்ப வேண்டுமாம் என்பாள். என்றைக்கு அச்சில் உங்கள் பேர் வருகிறதோ அன்றைக்கு நம்புகிறேன் என்று முடித்துவிட்டாள். ஆறு வருஷமாக மாசானத்துக்கு இருந்த ஒரே குறை அதுதான். சாப்பிடும்போதும் அதே நினைப்பு, படுக்கும்போதும் அதே நினைப்பு.

அதனால் ஜீப்பில் இருந்து இறங்கியவர்கள் பாட்டுச் சேகரித்துப் புத்தகம் போடுகிறவர்கள் என்று தெரிந்ததும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இறங்கியவர்கள் மூன்று பேர். மன்றத்தின் இயக்குநர் முனைவர் அருணகிரிராசன். அவருடைய வயிறு முதலில் இறங்கியது, அவர் அப்புறம் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஆய்வாளர்கள் பூபாலன், குணவதி. இயக்குநர் கக்கத்தில் 'கள ஆய்வுக் கையேடு' என்று நாற்பது பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம். அதை எப்போதோ விவரம் தெரிந்த ஒருவர் எழுதியிருக்கிறார். விவரம் தெரியாதவர்கள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று பாவம் அவர் யோசிக்கவில்லை. மூன்று பேரும் அதில் உள்ளதை உள்ளபடி செய்வார்கள். அதில் இல்லாததை, உயிர் போனாலும் செய்ய மாட்டார்கள்.

கையேட்டின் முதல் விதி, தகவலாளர் சொல்கிற ஒரு சொல்லைக்கூட விடாமல் எழுத வேண்டும் என்பது. தகவலாளர் என்றால் தகவல் சொல்கிற ஆள், அதாவது மாசானம். அவன் முதலில் சொன்ன தகவல், "சார், பின்னால பாத்தி இருக்கு, விழுந்துராதீங்க." பூபாலன் அதை அப்படியே எழுதினான். முற்றுப்புள்ளியும் வைத்தான். வைத்துவிட்டுப் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்துப் பாத்தியில் விழுந்தான்.

சொட்டச் சொட்ட எழுந்து வந்து, விழுந்த சத்தத்தையும் எழுத வேண்டுமா ஐயா என்று கேட்டான். இயக்குநர் கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். தகவலாளர் எழுப்பும் ஒலிகளைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறது, ஆய்வாளர் எழுப்பும் ஒலியைப் பற்றிப் பேச்சில்லை, விட்டுவிடலாம் என்றார்.

இரண்டாவது விதி, தகவலாளரின் இயல்பான சூழலைக் கலைக்கக் கூடாது என்பது. வெயில் மண்டையைப் பிளக்கிறதே, கொட்டகை நிழலில் உட்கார்ந்து பாடுகிறேன் என்று மாசானம் கரையேறப் பார்த்தான். குணவதி இரண்டு கையையும் விரித்து மறித்துவிட்டாள். அவன் சூழல் முழங்கால் உப்புத் தண்ணீர்தானாம். மூன்று பேரும் குடை பிடித்துக் கரையில் நிற்க, அவன் தண்ணீரில் நின்று நாலு தடவை பாடினான். செல்லக்கனி கஞ்சிச் செம்போடு வந்தாள். கஞ்சி சூழலைச் சேர்ந்ததா, வெளியில் இருந்து வருவதா என்று கால் மணி நேரம் விவாதம் நடந்தது.

"கஞ்சி குடிக்கலன்னா அவுக உங்க சூழல்லயே விழுந்து செத்துருவாக" என்றாள் செல்லக்கனி.

அதையும் பூபாலன் எழுதிக்கொண்டான். பிறகு, குடிக்கலாம், ஆனால் தண்ணீரில் நின்றபடி குடிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

மூன்றாவது விதி, எந்தத் தகவலையும் மூன்று பேரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்பது. மாசானம் தன் வயது ஐம்பத்திரண்டு என்றான். மேஸ்திரியிடம் கேட்டார்கள், நாற்பத்தைந்து இருக்கும் என்றார். மைத்துனனிடம் கேட்டார்கள், அறுபதுக்குக் குறையாது என்றான். செல்லக்கனியிடம் கேட்டார்கள், கல்யாணத்தின்போது இருபத்தைந்து என்றுதான் சொன்னார்கள், அதற்கப்புறம் நான் கேட்கவில்லை என்றாள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, நாற்பத்து மூன்று வருஷம் நாலு மாதம் என்று எழுதிக்கொண்டார்கள். மாசானம் ஓடிப்போய் ஆதார் அட்டையை எடுத்து வந்து காட்டினான். அது ஒரே ஒரு சான்றுதானே, மூன்று இல்லையே என்று இயக்குநர் பரிதாபத்தோடு திருப்பிக் கொடுத்தார். இவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியில் மாசானம் தன் விஷயத்துக்கு வந்தான். "இந்தப் பாட்டு நான் கெட்டுனது சார். பொஸ்தகத்துல எம் பேரு வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

மூன்று பேனாவும் நின்றன. குணவதி முகம் வெளிறிப் போய்க் கையேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து படித்தாள். நாட்டுப்புறப் பாடலை இயற்றியவர் இன்னார் என்று அறியப்பட்டிருக்க மாட்டார் என்று அதில் இருந்தது.

"அப்ப இவர் இருக்கக் கூடாதே" என்றார் இயக்குநர்.

"இருக்காரே ஐயா" என்றான் பூபாலன்.

"இருந்துட்டுப் போகட்டும். நமக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

குணவதிக்கு இன்னொரு கவலை. "பாட்டு நானூறு வருஷம் பழசுன்னு திட்ட அறிக்கையில எழுதிக் கொடுத்துட்டோம் ஐயா. இதுல மோட்டார் வருது, போன் வருது."

"அதனால என்ன? நானூறு வருஷத்துக்கு முன்னாடியே இங்க மோட்டார் இருந்திருக்கு. அதுக்கு இந்தப் பாட்டே சான்று."

"பாட்டு நானூறு வருஷம்ங்கிறதுக்கு என்ன சான்று ஐயா?"

"அதான் சொன்னேனே, மோட்டார் வருதே. மோட்டார் இருந்த காலத்துப் பாட்டுதானே இது."

மூன்று பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். இந்த உப்பளத்துக்கு மோட்டார் வந்து ஒன்பது வருஷம்தான் ஆகிறது என்று மாசானம் சொல்லிப் பார்த்தான். ஒரு சொல் விடாமல் அதையும் எழுதி, பக்கத்தில் 'தகவலாளருக்கு வரலாற்று உணர்வு போதாது' என்று குறித்துக்கொண்டார்கள்.

இருந்தாலும் ஆசிரியரைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்று அறிக்கையில் எழுத வேண்டுமே. தேடாமல் எழுதினால் பொய்யாகிவிடும். மூன்று பேரும் பொய் சொல்லத் தெரியாத ஜாதி. ஆகவே மறுநாள் சுற்றியுள்ள ஏழு ஊர் உப்பளங்களுக்கும் ஜீப்பில் கிளம்பினார்கள். வழி காட்ட மாசானத்தை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள்.

முதல் ஊரில் இறங்கி, இந்தப் பாட்டைக் கட்டியது யார் என்று கேட்டார்கள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஜீப்பைப் பார்த்துக் கை நீட்டினார்கள். சைகைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவற்றுக்குச் சொந்தமாகப் பொருள் சொல்லக் கூடாது என்பது கையேட்டின் இன்னொரு விதி. 'வலது கை, வடகிழக்கு நோக்கி' என்று குணவதி எழுதினாள். இரண்டாவது ஊரில் ஒருவர், "இந்தா இருக்காருல்லா" என்றார். ஆசிரியர் இன்றும் இருப்பதாக மக்கள் நம்புகிறார்கள் என்று இயக்குநர் எழுதினார். மூன்றாவது ஊரில், "வண்டிக்குள்ளதான உக்காந்திருக்காரு" என்றார்கள். இயக்குநருக்குப் புல்லரித்துவிட்டது. ஆசிரியர் வாகனத்தில் எழுந்தருளியிருப்பதாக ஒரு தொன்மம் வழங்குகிறது என்று இரண்டு முறை அடிக்கோடிட்டார். மாசானம் ஜீப்புக்குள் இருந்து தலையை நீட்டி, நான்தான், நான்தான் என்று கத்தினான். கேள்வி கேட்கிற நேரத்தில் வழிகாட்டி குறுக்கே பேசக் கூடாது என்று பூபாலன் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

ஏழு ஊரும் சுற்றி முடித்தபோது, ஆசிரியரைத் தேடி அலைந்ததில் மாசானத்துக்கே இடுப்பு கழன்றுவிட்டது.

ஆசிரியர் தெரியாது என்பதையும் யாராவது ஒருவர் உறுதியாகச் சொல்ல வேண்டும், பாட்டோடு மிக நெருங்கிய ஆள்தான் அதற்குச் சரியான சான்று என்று மூன்று பேரும் முடிவு செய்தார்கள். பாட்டோடு நெருங்கிய ஆள் யார் என்றால், அதைக் கட்டியவன்தான். ஆசிரியர் யாரென்று எனக்குத் தெரியாது என்று ஒரு தாளில் எழுதி அவனிடம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் பேர் அச்சில் வருமா என்று மட்டும் மாசானம் கேட்டான். கட்டாயம் வரும், ஊர்ப் பேரோடு வரும், நீ பாட்டைக் கட்டியவன் என்பதும் வரும் என்று இயக்குநர் சத்தியம் செய்தார். பேர் வந்தால் போதும் என்று மாசானம் போட்டுக்கொடுத்தான்.

ஐந்தாம் மாதம் புத்தகம் வந்தது. அடிக்குறிப்பில் அவன் பேர் இருந்தது. செல்லக்கனி எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். 'இப்பாடலை இயற்றியவர் யார் எனத் தெரியவில்லை. தகவல்: இப்பாடலை இயற்றிய மாசானம், வேம்படித்துறை, நேரில்.'

"கெட்டுன நீங்களே யாரு கெட்டுனதுன்னு தெரியாதுன்னுட்டீக. நான் எப்படி நம்ப?" என்றாள். மாசானத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரம் பாடாமல் உப்பு வாரினான்.

வெளியீட்டு விழா மன்றத்துக் கட்டடத்தில் நடந்தது. மேடையில் பெரியவர்களுக்கு நடுவில் காலியாக ஒரு நாற்காலி. தனக்குத்தான் என்று நினைத்து மாசானம் போய் உட்கார்ந்தான். அது அறியப்படாத ஆசிரியருக்கு என்று குணவதி மரியாதையாக எழுப்பிவிட்டாள். நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். விழா முடிந்ததும் இயக்குநர் பொன்னாடையை மடித்து மாசானம் கையில் கொடுத்தார்.

"ஆசிரியர் என்னைக்காவது உங்க பக்கம் வந்தா இதைக் கொடுத்துருங்க. வாங்கிக்கிட்டதுக்கு இந்த ரசீதுல அவர் ஒரு கையெழுத்து, சாட்சிக்கு நீங்க ஒரு கையெழுத்து. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா தணிக்கையில கேள்வி கேப்பாங்க, அதை மட்டும் பாத்துக்குங்க" என்றார்.

மாசானம் இனிமேல் இவர்களோடு மல்லுக்கட்டுவதில்லை என்று முடிவெடுத்திருந்தான். வீட்டுக்கு வந்தான். பொன்னாடையைத் தானே போர்த்திக்கொண்டான். சாட்சிக் கையெழுத்தை வலது கையால் போட்டான், ஆசிரியர் கையெழுத்தை இடது கையால் போட்டான். தபாலில் சேர்த்துவிட்டு வந்து படுத்துத் தூங்கினான்.

பத்தாவது நாள் ஜீப் வந்து வீட்டு வாசலில் நின்றது. இயக்குநர் ரசீதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். கண்ணில் நீர்.

"ஆசிரியர் வந்துட்டுப் போயிருக்காரு. கையெழுத்தைப் பாருங்க, எப்படி நடுங்குது. பூபாலா, இந்த நடுக்கம் எத்தனை வயசுக்கு வரும்?"

பூபாலன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். "நானூறுக்குக் கொறையாது ஐயா. பேரு மாசானம்னு போட்டிருக்காரு."

"இவர் பேரும் மாசானந்தானே ஐயா" என்றாள் குணவதி.

"ஊருக்குப் பெரிய மனுஷர் பேரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறது வழக்கந்தானம்மா. இவங்க அப்பா அம்மா விவரமானவங்க" என்று இயக்குநர் மாசானத்தின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அடுத்த முறை அவர் வந்தால் அனுப்பிவிடாமல் உட்கார வைத்து ஒரு போன் பண்ணுங்கள் என்று நம்பரும் எழுதிக் கொடுத்தார். சரி என்று மாசானம் வாங்கி வைத்துக்கொண்டான்.

அப்புறம்தான் குணவதிக்குக் கையேடு ஞாபகம் வந்தது. ஆசிரியர் தெரிந்துபோய்விட்டாரே, இனி இது எப்படி நாட்டுப்புறப் பாடல் ஆகும் என்று கேட்டாள். மூன்று பேரும் வாசலிலேயே உட்கார்ந்து ஒரு பொழுது முழுக்க விவாதித்தார்கள். செல்லக்கனி இரண்டு தடவை காபி கொடுத்தாள். யாராவது ஒருவர் தெரியாமல் இருந்தால் போதும், அது யாராக இருந்தால் என்ன என்று இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று பேரும் நிம்மதியாக ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

இரண்டாம் பதிப்பு தை மாதம் வந்தது. செல்லக்கனி திறந்து முதல் வரியைப் படித்தாள். 'இப்பாடலை இயற்றியவர் மாசானம், வேம்படித்துறை.' அதையே இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு, "நம்புதேன்" என்றாள். மாசானம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆறு வருஷத்துக் குறை அன்றைக்குத் தீர்ந்தது.

செல்லக்கனி மிச்சத்தையும் படித்தாள். 'வயது நானூறு. பொன்னாடையை நேரில் வந்து பெற்றுச் சென்றார், நலமாக இருக்கிறார். இப்பாடலைத் தண்ணீரில் நின்று நான்கு முறை எங்களுக்குப் பாடிக் காட்டியவர் யார் என்பதுதான் எவ்வளவு தேடியும் தெரியவில்லை.'