இழையாளின் முறுக்காணி

கம்பிகள் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கிதாருக்கு ஆறு முறுக்காணிகள்தான் இருந்தன. மரம் பேசியது, சிப்பி பேசியது, பல்லி இப்போது பேசுவதைவிட நிறையப் பேசியது. கம்பிகளுக்குக் குடும்பமும் இருந்தது.

அவர்களிடையே ஒரு வழக்கம். கல்யாணம் முடிந்ததும் ஆண் கம்பி கிதாரின் கழுத்தின்மேல் நீட்டிப் படுத்துக்கொள்வான். கால்மாடு, கிதாரின் வயிற்றில் ஒட்டிய குதிரை என்ற கட்டையில் கட்டப்பட்டிருக்கும். தலைமாட்டை முறுக்காணி பிடித்திருக்கும். வெயிலும் காற்றும் ஊராரின் பார்வையும் அவனுக்கு. பெண் கம்பியோ கிதாரின் வட்ட வாய் வழியாகப் பெட்டிக்குள் இறங்கிவிட வேண்டும். உள்ளே இருட்டு, மரத்தூள், பிசின் வாடை. அங்கே சுருண்டு உட்கார்ந்துகொண்டு, மேலே புருஷன் எந்த ஸ்வரத்தை எடுத்தாலும் அதையே மேல் ஸ்தாயியில் பாட வேண்டும். அவன் மூச்சு ஓய்ந்த பிறகும் அவள் குரல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஆனால் உள்ளே ஒருத்தி இருப்பது வெளியே தெரியக் கூடாது.

சிப்பிக்கரையில் தொபியாஸ் என்ற படகுத் தச்சனிடம் அப்படி ஒரு கிதார் இருந்தது. அவனே செய்தது. பகலில் படகுக்குப் பலகை இழைப்பான். கரையில் எந்தக் கல்யாணமானாலும் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போவான். வாசிக்குமுன் ஆறு முறுக்காணிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, "போதுமாவே?" என்று கேட்பான். ஒவ்வொரு ஆண் கம்பியும், "இன்னும் ஒரு சுத்து", "போதும், கழுத்து வலிக்கி" என்று சொல்வான். பெண்களை அவன் கேட்டதில்லை. புருஷனுக்குச் சரியென்றால் அவளுக்கும் சரிதானே என்பது அவன் கணக்கு. பாட்டு முடிந்ததும் ஜனங்கள், "ஆறே கம்பி, என்ன கணீர்னு இருக்கு!" என்பார்கள். தொபியாஸ் தலையைக் குனிந்துகொள்வான். அடக்கத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பெண் கம்பிகள் உள்ளே இறங்கியபோது கிதாரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றவனே அவன்தான்.

ஒரு தடவை பக்கத்துக் கரையிலிருந்து பெரிய கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பெருமையில் தொபியாஸ், கிதாரின் வாயைச் சுற்றி முத்துச்சிப்பியில் கம்பிகளின் பெயரைப் பதிக்க வேண்டும் என்று முடிவு செய்தான். சிப்பி அறுத்து, தேய்த்து, பெயர் கேட்டான். ஆறு ஆண்களும் வரிசையாகச் சொன்னார்கள்: மொத்தையன், கனத்தான், முறுக்கன், நடுவன், கீற்றன், நறுக்கன். மூன்று நாள் வேலை. அவன் செதுக்கச் செதுக்க மரத்தூளும் சிப்பித்தூளும் உள்ளே இருந்த பெண்களின் தலையில் கொட்டிக்கொண்டே இருந்தன.

நடுவனின் மனைவி பெட்டிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். கம்பிகள் எல்லோரிலும் மெல்லியவள் அவள். அவளுக்குத்தான் எல்லோரையும்விட உயரப் பாடவேண்டிய வேலை.

"ஏங்க, எங்க பேரும் வருதா?"

நடுவன் வெயிலில் சொகுசாகப் படுத்திருந்தான். "எதுக்கு?"

"பாடறது நாங்களுந்தானே."

"ஏட்டி, என் பேரு இருந்தா ஒன் பேரு இருந்த மாதிரிதான்."

"அப்போ என் பேர மட்டும் போடச் சொல்லுங்க. ஒங்க பேரு இருந்த மாதிரி ஆயிடும்."

கிதாரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லி சிரித்துவிட்டது. நடுவனுக்கு ரோசம் வந்தது. "நூலு மாதிரி இருந்துக்கிட்டு பேச்சப் பாரு. ஒன்ன வெளிய எடுத்துப் போட்டா காத்துல பறந்துருவ."

மொத்தையன் தன் கரகரத்த தொண்டையில் சேர்ந்துகொண்டான். "பொம்பளைங்க பேர எல்லாம் எழுதணும்னா இந்த வாய் பத்தாது வே. இன்னொரு வாய் வெட்டணும்."

"ஒங்களுக்கு இருக்கற ஒரு வாயே போதும் மாமா," என்றாள் நடுவனின் மனைவி. "நாங்க இல்லாம அது என்ன சத்தம் போடுதுன்னு ஒரு நாளு கேட்டுப் பாருங்க."

தொபியாஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். சிப்பித்தூளை ஊதிவிட்டு, "கொஞ்சம் அந்தப்பக்கம் தள்ளி உக்காருங்கம்மா, தூசி விழுது," என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. அவன் கோபித்துக்கொண்டிருந்தால்கூட அந்தப் பெண்கள் பொறுத்திருப்பார்கள்.

அன்று மத்தியானம் ஆறு பெண்களும் பேசி முடிவுசெய்தார்கள். மொத்தையனின் மனைவிக்கு மட்டும் தயக்கம். முப்பது வருஷமாக அந்தக் கரகரப்புக்கு மெருகு போட்டவள். "பாவம், அசிங்கப்பட்டுப் போவாரே," என்றாள்.

"நாம பட்டோமே அக்கா," என்றாள் நடுவனின் மனைவி. "ஒத்த நாளு. ஒரு பாட்டு."

கல்யாணப் பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்ததும் தொபியாஸ் எழுந்தான். புதுச் சிப்பி வெயிலில் மின்னியது. முன்வரிசையில் இருந்தவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தார்கள். அவன் விரலை வீசினான்.

காய்ந்த ஓலையைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது.

மறுபடி வீசினான். மொத்தையன் இருமினான். கனத்தான் உறுமினான். சின்னவர்கள் இருவரும் தகரத்தைத் தட்டியதுபோலச் சிணுங்கினார்கள். ஸ்வரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றும் ஒளிரவில்லை. எடுத்த இடத்திலேயே செத்து விழுந்தது.

பெண்ணின் அத்தை பிளாசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன தொபியாசு, கட்டிலுக்குக் கயிறு இழுக்கியா?"

பந்தலே சிரித்தது.

தொபியாஸுக்கு முகம் கறுத்தது. பெண்கள் பாடவில்லை என்று அவனுக்கு முதல் வீச்சிலேயே தெரியும். குனிந்து அந்த வட்ட வாயில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை பேருக்கு முன்னால், உள்ளே ஆள் இருப்பதை ஒப்புக்கொள்வதா? ஆண்கள் தளர்ந்துவிட்டதுபோலப் பாவனை செய்து முறுக்காணிகளைத் திருகினான். "போதுமாவே?" என்று இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. நடுவனை மூன்று சுற்று கூடுதலாக முறுக்கினான்.

"அய்யோ, உசிரு போவுது," என்றான் நடுவன்.

உள்ளே இருந்தவள் அதைக் கேட்டாள். நூல் என்றவன்தான், காற்றில் பறப்பாய் என்றவன்தான். ஆனாலும் அந்தக் குரலோடு இத்தனை வருஷம் சேர்ந்து பாடியவள். அவள் வட்ட வாயின் விளிம்பைப் பிடித்து, அவன் பெயர் பதித்த சிப்பியின்மேல் ஏறி வெளியே வந்தாள். பந்தலில் சிரிப்பு நின்றது. இத்தனை மெல்லிய கம்பியை அவர்கள் பார்த்ததில்லை. வெயில் பட்ட இடத்தில் மட்டும்தான் அவள் இருப்பதே தெரிந்தது.

"அவர விடு," என்றாள் தொபியாஸிடம். "ஒனக்கு மேல் ஸ்தாயி வேணும். அது என்கிட்டதான் இருக்கு. எனக்குன்னு ஒரு முறுக்காணி போடு. என் பேரக் கேட்டுட்டுப் போடு. பாடுதேன்."

தொபியாஸ் மெதுவான குரலில், சிரித்த முகத்தோடு சொன்னான்: "கல்யாண வீட்டுல வச்சு மானத்த வாங்காத தாயி. புருஷன் முறுக்காணி இருக்குல்ல. அதுவே ரெண்டு பேருக்கும் தாங்கும்."

சொல்லிக்கொண்டே அவளை எடுத்தான். அவளைக் கேட்காமலே நடுவனின் முறுக்காணியில் அவளையும் சேர்த்துச் சுற்றினான். இதுதான் அவன் செய்த காரியம். இதற்கு மேல் நடந்ததெல்லாம் இதனால் வந்ததுதான்.

ஒரே முறுக்காணியில் இரண்டு உடம்பு எப்படிச் சேரும்? நடுவன் சரியாக நின்றபோது அவள் தொளதொளவென்று கிடந்தாள். அவளை ஏற்றப் போனால் நடுவன் அலறினான். தொபியாஸ் நடுவனைச் சற்றே நழுவவிட்டு அவளை இழுத்தான். வீசினான். இருவரும் இரண்டு பக்கம் போனார்கள். மறுபடியும் சிரிப்பு.

"அவரு ஒடம்பு வேற, என் ஒடம்பு வேற," என்றாள் அவள். "நிறுத்து."

அவன் இன்னும் கொஞ்சம் திருகினான்.

"போதும்னு சொல்லுதேன்ல."

பந்தலில் முன்னூறு பேர் இருந்தார்கள். அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவன் இன்னும் அரைச்சுற்றுத் திருகினான்.

அவள் அறுந்தாள். அறுந்த முனை பாய்ந்துபோய் தொபியாஸின் கன்னத்தில் ஒரு கோடு போட்டது. ரத்தம் வந்தது. அவள் வாயிலிருந்து வந்த கடைசி ஒலி அத்தனை உயரத்தில் இருந்ததால், சிலருக்கு அது காதிலேயே விழவில்லை.

தொபியாஸ் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் மறுபடி கையை ஓங்கினான். அப்போது நடுவன் தன் முறுக்காணியிலிருந்து தானாகவே கழன்றான். சுற்றுச் சுற்றாகப் பிரிந்து கழுத்தின்மேல் சரிந்து விழுந்தான்.

"எனக்கு இந்த முறுக்காணி வேண்டாம்."

மொத்தையன் பதறினான். "ஏலே, கல்யாண வீடுலே. பாடிட்டுப் போயி வீட்ல வச்சு அழுவோம்."

பெட்டிக்குள்ளிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அது தனியாக வெளியே கேட்டது. "பாடுங்க. இவ்வளவு நாளும் நீங்க பாடினத நாங்க கேட்டதே இல்ல. இன்னைக்கிக் கேக்கோம்."

மொத்தையனும் தளர்ந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தளர்ந்தார்கள். கிதார் வெறும் பலகையாகத் தொபியாஸின் கையில் இருந்தது.

மணப்பெண் ரெஜினாள் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அறுந்து கிடந்த கம்பியைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"மாமா, இவ பேரு என்ன?"

தொபியாஸ் கிதாரின் வாயைச் சுற்றியிருந்த சிப்பிப் பெயர்களைப் பார்த்தான். அதில் இல்லை. அவனுக்குத் தெரியவும் தெரியாது. ஆண் கம்பிகளுக்கு அந்தப் பெயர் தெரியும். ஆனால் எந்த ஆணும் எந்தச் சபையிலும் மனைவியின் பெயரைச் சொன்னதில்லை. அதுவும் அவர்களிடையே ஒரு வழக்கம்.

"இழையாள்," என்றான் நடுவன்.

ரெஜினாள் தொபியாஸிடம், "நான் இந்த ஊருக்கு வாழ வந்திருக்கேன். ஒருத்திய அறுத்த கிதார் சத்தத்துல திரும்பப் போயி மேடையில உக்கார மாட்டேன். இவங்களுக்கும் முறுக்காணி போடுங்க," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டான்.

தொபியாஸ் தன் பையிலிருந்து துளைபோடும் துரப்பணத்தை எடுத்தான். முறுக்காணிகள் இருந்த தலைப்பலகையைக் கையிலிருந்த ஒரே மரத்துண்டால் நீட்டிக் கட்டி, ஆறு துளை போட்டான். துளைக்கு ஒரு முறுக்காணி செதுக்கினான். பந்தலில் இருந்தவர்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவன் வட்ட வாயருகே குனிந்து, "உங்க பேரு?" என்று கேட்டான்.

"வடிவு," என்று வெளியே வந்தாள் மொத்தையனின் மனைவி. பின்னாலேயே செம்பி, சுருளி. கீற்றனின் மனைவி மின்னியும் நறுக்கனின் மனைவி பூவத்தாளும் கடைசியாக வந்தார்கள். அந்த இரண்டு வீட்டில் மட்டும் புருஷன் குரலும் பெண்டாட்டி குரலும் ஒரே உயரம். யார் பேசுகிறார்கள் என்று பல்லிக்கே தெரியாது. மற்ற பெண்கள் மேல் ஸ்தாயியில் நின்றார்கள். இவர்கள் இருவரும் புருஷன்மாரோடு ஒரே ஸ்வரத்தில் நின்றார்கள்.

நடுவன் பக்கத்து முறுக்காணி காலியாக இருந்தது. கல்யாணம் பார்க்க வந்திருந்த இன்னொரு கம்பி, இழையாளின் தங்கை, கூட்டத்திலிருந்து வந்தாள். அக்காளைப் போலவே மெல்லியவள்.

"நான் நிக்கேன். அவருக்கு வாழ்க்கப்பட்டு இல்ல. அவ குரலு அந்த எடத்துல இருக்கணும், அதுக்கு," என்றாள். தொபியாஸைப் பார்த்து, "என்ன அவ பேரச் சொல்லிக் கூப்புடு. நான் சொல்லும்போது நிறுத்து. கேக்காம திருகினா அக்கா மாதிரியே அறுந்துருவேன். எனக்குப் பெறகு வாறவளும் அறுந்துருவா," என்றாள்.

கழுத்தை அகலமாக்க மரம் இல்லாததால், ஒவ்வொரு ஜோடியும் ஒரே விரலுக்கு அடங்கும்படி நெருங்கிப் படுத்தார்கள். தொபியாஸ் பன்னிரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டான். ஒருத்திக்குச் சரியானபோது இன்னொருவன் இறங்கியிருந்தான். அவனை ஏற்றினால் மூன்றாமவள் கோணினாள். வெயில் சாயும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. பிறகு விரலை வீசினான்.

மழைக்குப் பின் வேலி முழுக்கத் துளிகள் ஒன்றாக வெயிலைப் பிடித்ததுபோல இருந்தது அந்த ஒலி. ரெஜினாள் அழுதாள். பிளாசியம்மாளும் அழுதாள். அழுது முடித்துப் பக்கத்திலிருந்தவளிடம், "அந்தத் தடியன் மொத்தையனுக்குத் தொண்ட தெளிஞ்சிருச்சு பாத்தியா, அதான்," என்றாள். எதிரிலேயே கிதாரின் கழுத்தில் ஆறு பெண் கம்பிகள் படுத்திருந்தார்கள், அப்போதும் அவள் அப்படித்தான் சொன்னாள்.

நடுவன் தன் பெயரைச் சுரண்டி எடுத்துவிடச் சொன்னான். ஒரு பெயர் போனபிறகு மற்றவையும் அசிங்கமாகத் தெரிந்ததால் தொபியாஸ் எல்லாவற்றையும் சுரண்டினான். சிப்பித் துண்டுகள் மட்டும் வளையமாக மிஞ்சின.

அன்று முதல்தான், பன்னிரண்டு கம்பிக் கிதார் வைத்திருப்பவர்கள் வாசிக்கும் நேரத்தில் பாதியை ஒவ்வொரு கம்பியாகச் சுருதி கேட்பதிலேயே கழிக்கிறார்கள். அவசரத்தில் கேட்காமல் திருகுகிறவர்களின் கையில், நடுவில் கிடக்கும் அந்த மிக மெல்லிய கம்பி, மற்ற பதினொன்றுக்கும் முன்னால் அறுந்துபோகிறது.