பிச்சைக்கனிக்கு அடிக்காத மணி

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இரத்தப் புற்றுநோய்க்குப் புது வைத்தியம் ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்தே எதிர்ப்பு அணுக்களை எடுத்து, புற்றை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப அவர் உடம்பிலேயே ஏற்றுவார்கள். அந்த வித்தையில் சௌதாமினி டாக்டர்தான் குரு. அவரிடம் கற்க வந்தவன் அருளப்பன்.

வார்டில் ஒரு வெண்கல மணி தொங்கியது. யாருடைய எலும்பு மஜ்ஜை சுத்தமாகிறதோ அவருக்காக அதை அடிப்பார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே அருளப்பன்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பஸ் கண்டக்டர் பிச்சைக்கனிக்கு அணுக்களை ஏற்றினார்கள். அவர் மனைவி பொன்னுத்தாய், அருளப்பன் தலை தெரிந்தால் போதும், எழுந்து வந்துவிடுவாள்.

"டாக்டர் தம்பி, எங்களுக்கு எப்பய்யா மணி அடிப்பீக?"

"அடிப்போம்மா, சீக்கிரமே."

சௌதாமினி ஒரு வேலையாக வெளியூர் கிளம்பினார். போகும்போது படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"தூசிக்குத் தும்ம வைக்கிறதும் இதே எதிர்ப்பு அணுக் கூட்டம்தான், அருளப்பா. மிரண்டுச்சுன்னா ஆள் பாக்காது. காய்ச்சல் ஏறி பிரஷர் இறங்குச்சுன்னா யோசிக்காம, அதை அடக்க ஸ்டீராய்டு போட்டுரு."

மறுநாள் காலையில் பிச்சைக்கனிக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. பிரஷர் இறங்கியது. நர்ஸ் ஊசியோடு வந்து நின்றாள்.

"வேணாம் சிஸ்டர். அணுக்கள் இப்பத்தான் வேலையை ஆரம்பிச்சிருக்கு. ஸ்டீராய்டு போட்டா எல்லாம் படுத்துரும்."

"ஆளு தாங்க மாட்டாரு டாக்டர்."

"கொஞ்சம் பாப்போம்னு சொன்னேன்ல?"

அந்த அணுக்களை அவன் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்திருந்தான். படுக்கையில் கிடந்தவரை அவனா வளர்த்தான்?

மத்தியானம், "போடுங்க, போடுங்க" என்று அவனே அலறினான். போட்டார்கள். சாயங்காலம் பிச்சைக்கனி இறந்துபோனார்.

தகவல் கிடைத்து சௌதாமினி ஓடிவந்தார். அவர் வந்த நேரத்தில், பிச்சைக்கனியிடம் முந்தின நாள் எடுத்த மஜ்ஜையின் பரிசோதனை முடிவும் வந்திருந்தது. அருளப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவர் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"மஜ்ஜை சுத்தம் மேடம். ஒரு புற்று அணுகூட இல்ல. நோயை ஜெயிச்சுட்டோம். இதை வெற்றின்னுதானே மேடம் சொல்லணும்?"

"சுத்தமா?"

"சுத்தம் மேடம்."

"அப்ப மணியை அடி."

"மேடம்..."

"நீ கொண்டுவந்த வழக்கம்தானே? போய் அடி."

அவன் போய்க் கயிற்றைப் பிடித்தான். ஜன்னலுக்குக் கீழே, பெஞ்சில் பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தாள். புருஷனின் கைலியையும் துண்டையும் மடித்து வயர்கூடையில் வைத்திருந்தாள். உடம்பை எப்போது தருவார்கள் என்று காத்திருந்தாள். மணிச் சத்தம் கேட்டால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அது அவனுக்குத் தெரியும்.

அவனுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. கயிற்றை விட்டுவிட்டான்.

"கை வரல மேடம்."

"வெற்றின்னு என்கிட்ட சொல்ல மட்டும் வாய் வந்துச்சே" என்றார் சௌதாமினி.