தையல் காய்ந்த எலி

எலி தின்னவில்லை.

அதன் முதுகுத் தோலுக்கடியில் சின்ன பம்ப் வைத்துத் தைத்திருந்தாள் சுகிர்தா. மாத்திரை அளவுதான். யாரும் தொடாமலே மருந்தைத் துளித்துளியாக உடம்புக்குள் விடும். இந்த எலிக்கு மருந்துகூடக் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புத்தண்ணீர். அப்படியும் இளைத்து, தனிக் கூண்டின் மூலையில் கிடந்தது. சாயங்காலத்துக்குள் தின்னாவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டும். ஆய்வுக்கூடத்து விதி.

பேராசிரியர் சவரிமுத்துவிடம் போனாள்.

"பம்ப் ஒழுங்கா ஓடுது சார். தையல் காஞ்சிருச்சு. சீழ் இல்ல. ஏன் தின்ன மாட்டேங்குது?"

எழுந்து வந்தார். கூண்டு அறைக்குள் போகவில்லை. வெளியே அவள் மேசையருகே நின்றுவிட்டார். மதியம் வாங்கிய பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"யாருது?"

"என்னுது சார். பசிக்கல."

"நேத்து?"

"நேத்தும்தான். இந்த ஊருக்கு வந்ததுலேருந்தே இப்படித்தான்."

"சோறு கெட்டுப்போகுதா?"

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கும்."

நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். பாதிப் புளியோதரையைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

"உப்பு கம்மி. எடு, எடு. நான் மட்டும் தின்னுட்டிருக்கேன்."

எடுத்தாள். இலை காலியானது. கை கழுவப் போனவள் பாதியில் நின்று கூண்டு அறைக் கதவைப் பார்த்தாள்.

"தையலுக்காகத்தான் சார் தனியா வச்சேன். கூட இருக்கிறது கடிச்சுப் பிரிச்சிடும்."

"பிரிச்சா மறுபடி தை."

பழைய கூண்டிலிருந்து இன்னொரு எலியை எடுத்து வந்து அதன் கூண்டில் விட்டாள். பம்ப் வைக்கும்வரை இரண்டும் ஒன்றாகக் கிடந்தவை. அடையாளத்துக்குக் காதில் துளை போட்டிருந்ததால் அதை ஓட்டைக்காது என்பாள்.

ஓட்டைக்காது தையலை மோந்தது. சுகிர்தா இடுக்கியை இறுகப் பிடித்தாள்.

கடிக்கவில்லை. முதுகை நக்கியது. ஒட்டிப் படுத்தது. பிறகு எழுந்து தீனியைக் கொறித்தது. கொஞ்சம் பொறுத்து மூலையில் கிடந்த எலியும் எழுந்து போய், பக்கத்தில் நின்று தீனியில் வாய் வைத்தது.

சாயங்காலம், எடுத்து வைத்திருந்த ஊசியைப் பழைய இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

"எப்படிச் சரியாச்சுன்னு கேப்பாங்க சார். நீங்கதான்னு சொல்லிடவா?"

"நானா? நான் உன் சோத்தைத் தின்னேன். சரிபண்ணினது ஓட்டைக்காது."