பாதி பச்சை, பாதி வேக்காடு

அந்தக் காலத்தில் மாடு பேசியது, கோழி பேசியது. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் அத்தனை பேரையும் வாயடைக்க வைத்துவிட்டுப் பேசியது யார் தெரியுமா? உருளைக்கிழங்கு! மண்ணுக்குள் மாசக்கணக்கில் பேச ஆளில்லாமல் கிடந்ததல்லவா, வெளியே வந்ததும் அதையெல்லாம் வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்த்தது.

மழைக்குப் பேர்போன அயர்லாந்துத் தீவில், கடலோரமாக நூலா என்று ஒருத்தி இருந்தாள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன்மார் கப்பலேறிப் போனவர்கள், போனவர்கள்தான். அவளுக்கு மிச்சம் ஒரு துண்டு புல்வயல், ஒரு கிழங்குப் பாத்தி, ரீவா என்கிற பசு. உடம்பெல்லாம் வரிவரியாக இருக்கும் ரீவா, பிறந்த அன்றைக்கே தாயைப் பறிகொடுத்த கன்று. நூலாதான் கஞ்சி ஊற்றி, தன் கம்பளியைப் போர்த்தி, அடுப்படியிலேயே படுக்கவைத்து வளர்த்தாள். இரண்டு பேருக்கும் வேறு நாதி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த வருஷக் கோடையில் புல்லை அறுத்துக் காயப் போட்டிருந்தாள். குளிர்காலம் முழுக்க ரீவாவுக்கு அதுதான் சாப்பாடு. அதைப் போராகக் குவித்து மூட ஏழு ஆட்களைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டான் டர்லோ. பக்கத்து மேட்டுக்காரன், ஊரில் போர் போடுவதில் கில்லாடி.

"மேற்கே பாத்தியா நூலா? கருகருன்னு நிக்குது. சாயங்காலம் கொட்டப்போகுது. அதுக்குள்ள உன் போரை முடிச்சிடலாம். ஆனா உச்சிவேளைக்குச் சாப்பாடு வந்தாகணும். இவனுங்க வெறும் வயித்துல புல்லு அள்ற கவைக்கோலைத் தூக்க மாட்டானுங்க. கீழ வயல்லயும் புல்லு காய்ஞ்சு கிடக்கு, அங்க கஞ்சி கொதிக்கிற வாசனை இங்கேயே வருது."

"போட்டுடறேன் அண்ணே."

"இன்னொண்ணு. எட்டுத் தட்டுலயும் ஒரே சாப்பாடா இருக்கட்டும். போன வருஷம் ஒரு வீட்ல நாலு பேருக்கு ரொட்டி, நாலு பேருக்குக் கஞ்சி. அடிதடியாகி, பாதிப் போரோட வந்துட்டோம்."

நூலா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். புல் நனைந்தால் அழுகும். அழுகினால் பனிக்காலத்துக்குள் ரீவாவைச் சந்தைக்கு ஓட்டவேண்டியதுதான்.

வீட்டில் இருந்தது ஒரு கூடைக் கிழங்கு. புதுக்கிழங்கு இன்னும் மண்ணுக்குள்ளே. மாவு ஒரு பிடி. ரீவா கொடுத்த பாலில் கடைந்த மோர் ஒரு செம்பு, வெண்ணெய் ஓர் உருண்டை. எட்டுப் பேருக்குக் கிழங்கு தாராளமாகக் காணும். அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

எதைச் சமைத்தாலும் அதனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து முறை. முட்டைகோஸ் "ம்" என்று சொல்லிவிட்டு விழும். கேரட் கொஞ்சம் வெட்கப்படும், அவ்வளவுதான். உருளைக்கிழங்கு இருக்கிறதே, அட ராமா!

"வேகவைக்கட்டுமா?" என்று நூலா முதல் கிழங்கைக் கேட்டாள்.

"எந்தத் தண்ணியில?"

"ஓடைத் தண்ணி."

"எந்தப் பக்கத்து ஓடை? வாத்து குளிக்கிற பக்கமா? எனக்கு வாத்துன்னாலே ஆகாது. ஏன் ஆகாதுன்னு கேளேன்."

கேட்டாள். கேட்காமல் விடுமா? அது முடிந்து இரண்டாவது கிழங்கை எடுத்தால், அது தன் அண்ணன் வேகும்போது தோல் வெடித்த கதையை ஆரம்பித்தது. மூன்றாவது, "அவன் சொல்றது பொய்" என்றது. நாலாவதுக்கு அவசரமே இல்லை. "நாளைக்குப் பாக்கலாமே, இன்னிக்கு நாள் நல்லா இல்ல" என்றது. ஒவ்வொன்றாகக் கெஞ்சி, கொஞ்சி, தாஜா பண்ணிச் சம்மதம் வாங்கிப் பானையில் போட்டு இறக்குவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வெந்தது பாதிக் கூடைதான். அங்கே அடுப்பில் எரிவது சேற்றுநிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி. அது எரிகிற வேகத்தில் இன்னொரு பானை வெந்து இறங்க மாலை ஆகிவிடும்.

வெந்ததைத் தோலுரித்து உப்புப் போட்டு மசித்தாள். நாலு பேருக்குத்தான் வரும் போலிருந்தது.

"நூலா! ஆச்சா?" வயலிலிருந்து டர்லோவின் குரல்.

"இதோ!" என்றாள். கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். பச்சைக் கிழங்குகள் உள்ளே ஜோராக அரட்டை அடித்துக்கொண்டிருந்தன. அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! பானையில் வேக நேரமில்லை, துருவினால் கல்லிலேயே வெந்துவிடும் என்று, மூலையில் கிடந்த பழைய பால் தூக்கின் தகர மூடியை எடுத்தாள். ஆணியும் கல்லும் வைத்து டொக் டொக் என்று ஓட்டை போட்டாள். முரட்டுப் பக்கத்தை மேலே திருப்பி, கையில் அகப்பட்ட கிழங்கைத் தேங்காய் துருவுகிற மாதிரி தேய்த்தாள்.

கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேக்கலையே! எங்களைக் கேக்கலையே!" என்று கூடை முழுக்கக் கூப்பாடு. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரல் முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது, அதையும் பார்க்கவில்லை. துருவல் கோபத்தில் சிவந்தது. அழுது அழுது தண்ணீர் விட்டது. அதைத் துணியில் மூட்டை கட்டி ஒரு சட்டியின் மேல் முறுக்கிப் பிழிந்தாள். மசித்ததோடு கலந்தாள், மாவைத் தூவினாள், மோரை ஊற்றினாள். அடுப்பின் மேல் தொங்கிய இரும்புக் கல்லில் வெண்ணெய் தடவி, அடை தட்டுவது போலத் தட்டினாள்.

திருப்பினால், துருவல் ஒரு பக்கம் ஓடுகிறது, மசியல் ஒரு பக்கம் ஓடுகிறது! இரண்டாவதைத் தட்டினாள். அதுவும் அப்படியே பிய்ந்துபோயிற்று. பச்சைக்கும் வெந்ததற்கும் ஏழாம் பொருத்தம். ஒன்றோடொன்று சேர்வேனா என்றது.

"நூலா! பசங்க கவைக்கோலைச் சாச்சு வெச்சுட்டானுங்க!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாசலோரம் கட்டியிருந்த ரீவா தலையை உள்ளே நீட்டிப் பார்த்தது.

"அழாதே நூலா. சந்தையிலயும் நல்ல மனுஷங்க வருவாங்க. யாராவது ஒருத்தர் என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. நீ உடம்பைப் பாத்துக்க."

இதைக் கேட்டதும் அழுகை இன்னும் அதிகமாயிற்று.

"அங்க யாரு, சந்தைன்னு பேசறது?"

குரல் கூடையின் அடியிலிருந்து வந்தது. துருவாமல் விட்டுப்போன ஒரே ஒரு கிழங்கு. சுருங்கி, முளைவிட்டு, முட்டையளவு கூட இல்லாத கிழம். காலையிலிருந்து வாயைத் திறக்காதது அது ஒன்றுதான்.

"ரீவா" என்றாள் நூலா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சாப்பாடு இல்லேன்னா ஆளுங்க போயிடுவாங்க. புல்லு அழுகிடும். தீனி இல்லாம நான் ரீவாவை எப்படி வெச்சுப்பேன்?"

"எந்த ரீவா? எங்க பாத்திக்குச் சாணம் போட்டுச்சே, அந்த ரீவாவா?"

"வேற எந்த ரீவா இருக்கு இங்க?"

கலவைக்குள் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்த துருவல் அமைதியாயிற்று. அந்தத் தீவில் உருளைக்கிழங்குகள் அப்படி வாயடைத்துப்போனது அதுதான் முதல் தடவை.

"அடிப்பாவி, இதைக் காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றது கிழம்.

"எங்க சொல்லவிட்டீங்க? வாத்துக் கதையைத்தான் சொல்லிக்கிட்டிருந்தீங்க."

"ம். அதுவும் வாஸ்தவம்தான்." "பிழிஞ்ச தண்ணியைக் கொட்டிட்டியா?"

"இல்ல, சட்டியிலயே இருக்கு."

"மேலே இருக்கிற தண்ணியை மட்டும் மெதுவா சாய்ச்சுக் கொட்டு. அடியில பாரு."

சாய்த்தாள். சட்டியின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒன்று படிந்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டது.

"அது எங்க பேச்சு. அழுத அழுகையில வெளிய வந்துடுச்சு. அதைச் சேர்த்தா எது எதோடயும் ஒட்டும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நெருப்புல வெந்தா போனதுதான். இந்தக் கூடைக்கு மட்டுமில்ல, எங்க குலத்துக்கே வாய் திரும்பாது."

நூலா சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ, வேணாம். கேக்காம துருவின பாவமே எனக்குப் போதும்."

"அடப் போடி. இந்த வாய்தானே உன்னை இப்படி உக்காத்தி வெச்சுது? பேசினதுல எங்களுக்கு என்ன மிச்சம் சொல்லு. சாணம் போட்டது அந்த மாடு, எங்க உடம்பு பூராவும் அதுதான். வாய் போனா என்ன, முளைவிடற கண்ணு இருக்குல்ல? உன் மாட்டைப் பாத்துக்கிட்டே இருப்போம். நேரமாகுது பாரு."

நூலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டியை இரண்டு கையாலும் எடுத்து, அந்தக் கிழத்தின் எதிரே முழங்காலிட்டு முறையாகக் கேட்டாள்.

"சேர்க்கட்டுமா?"

"சேரு" என்றது கிழம்.

உருளைக்கிழங்கு ஒன்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னது அன்றைக்குத்தான். அதுவே கடைசி வார்த்தை.

வெள்ளையை வழித்துப் போட்டுப் பிசைந்தாள். கல்லில் தட்டினாள். 'சொய்ங்' என்று ஒரு சத்தம். விளிம்பு பொன்னிறமாயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். திரும்பியது! பிய்யவில்லை, உடையவில்லை, நிலா மாதிரி முழுசாகத் திரும்பியது. நூலா சிரித்தாள், அழுதாள், வெண்ணெயை இன்னும் கொஞ்சம் தாராளமாகவே போட்டாள்.

எட்டுத் தட்டிலும் ஒரே அடை. ஆட்கள் சுடச்சுடப் பிய்த்துத் தின்றார்கள். டர்லோ நாலாவதை மென்றுகொண்டே கேட்டான்:

"வெளிய மொறுமொறுங்குது, உள்ள மெத்துமெத்துங்குது. இது வெந்ததா, பச்சையா நூலா?"

"ரெண்டும்தான் அண்ணே."

"பேரு என்ன?"

அதற்கெல்லாம் அவளுக்கு ஏது நேரம்? பாக்ஸ்டி என்கிற பேரெல்லாம் ஊர் பின்னால் வைத்தது. "சாப்பிட்டாச்சுன்னா எழுந்திருங்க, மேற்கே இடிக்குது" என்று விரட்டினாள்.

எழுந்தார்கள். வயிறு நிறைந்தவன் கை சும்மா இருக்குமா? கடைசிக் கவைப் புல் ஏறி, போரின் தலைக்குக் கயிறு கட்டி டர்லோ கீழே குதிக்கவும், முதல் சொட்டு அவன் மூக்கில் விழவும் சரியாக இருந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. ரீவா கொட்டிலுக்குள் நின்று, நனையாத புல்லை நிதானமாக அசைபோட்டுக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தது.

அந்தக் கிழத்தை நூலா சமைக்கவில்லை. வசந்தத்தில் ரீவாவின் சாணம் போட்ட பாத்தியில் அதை நட்டாள். நன்றாகத்தான் விளைந்தது. வெளியே வந்த கிழங்குகள் ஒன்றுகூடப் பேசவில்லை. பதில் வராது என்று தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் "துருவட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் துருவினாள். அடையைக் கல்லில் தட்டினதும் அந்தச் 'சொய்ங்' சத்தம் கேட்கும். "ரீவா நல்லா இருக்கா. கன்னு போட்டிருக்கா. கன்னுக்கும் வரி இருக்கு" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லுவாள்.

அன்று முதல்தான் அந்தத் தீவில் பாக்ஸ்டி சுடுகிறவர்கள் பாதிக் கிழங்கை வேகவைத்து மசிக்கிறார்கள், பாதியைப் பச்சையாகத் துருவுகிறார்கள், பிழிந்த தண்ணீரின் அடியில் தங்கும் வெள்ளையை மறக்காமல் சேர்க்கிறார்கள். அன்று முதல்தான் உருளைக்கிழங்கு, உடம்பெல்லாம் கண்ணாகவும் வாய் மட்டும் இல்லாமலும் மண்ணைவிட்டு வெளியே வருகிறது. சூடான கல்லில் விழுகிற அந்த ஒரு நொடி மட்டும், 'சொய்ங்' என்று மாட்டை விசாரிக்கிறது.