கோணமடை ஒயினும் எல்லைக்கல்லும்

கோணமடைக்காரர்களை யாரும் குறை சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். வினையே அதுதான்.

ஊர்த் திராட்சையில் போட்ட ஒயினுக்கு அரசாங்க முத்திரை வாங்கினால்தான் புட்டியில் ஊர்ப்பேர் போடலாம். அதற்காகப் பொம்மையன் இரண்டு வருஷமாக நாயாய் அலைந்தான். "இந்தத் தடவையும் கிடைக்கலைன்னா கொடியை வெட்டிட்டுக் கத்தரிக்கா போட்டுருவேன்" என்று அவன் பெண்டாட்டி வீராயி அரிவாளைத் தீட்டி வைத்திருந்தாள். செய்யக்கூடியவள்தான்.

விதித்தாள் வந்தது. 'திராட்சை தெற்கு பார்த்திருக்க வேண்டும்' என்றது. ஊரே திரண்டு ஒவ்வொரு குலையையும் தெற்கே திருப்பிக் கட்டியது. 'பீப்பாயை இரண்டு வருஷம் தொந்தரவு செய்யக் கூடாது' என்றது. அன்றிலிருந்து இருமல் வந்தவர்கள் பக்கத்து ஊருக்குப் போய் இருமிவிட்டு வந்தார்கள்.

கடைசியில் அதிகாரி ஜீப்பில் வந்தார். ஒரு டம்ளர் குடித்தார். "அடடா, பிரமாதம்! முத்திரை ஆபீசுல இருக்கு, வாங்க" என்று கிளம்பினார்.

பொம்மையன் ஜீப்பை மறித்தான். "ஐயா, ஏழாம் விதி! முத்திரை விழுறதுக்கு முன்னாடி ஒரு சொட்டுகூட ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. உங்க வயித்துல ஒரு டம்ளர் இருக்கே!"

அதிகாரி கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஊர் கூடி யோசித்தது.

"ஐயாவை இங்கேயே வச்சுக்குவோம்" என்றான் பொம்மையனின் மச்சான் சடையாண்டி.

"அப்ப முத்திரையை யாரு குத்துறது? வீராயி கொடியில கை வச்சிருவாளேடா!" பொம்மையனுக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டென்று நிமிர்ந்தான். "ஐயாதானே எல்லையைத் தாண்டக் கூடாது? எல்லையை நாம தூக்கிட்டு முன்னாடி போனா?"

எல்லைக்கல்லைப் பிடுங்கி எட்டுப் பேர் தோளில் ஏற்றினார்கள். கல் முன்னே போக, அதிகாரி தலையில் அடித்துக்கொண்டே ஆபீஸ் வரை பத்து மைலுக்கும் ஜீப்பை உருட்டினார். ஆபீசுக்குப் பின்னால் கல்லை நட்ட பிறகுதான் அவரை உள்ளே விட்டார்கள். விட்டால் போதும் என்று முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

தோள் வீங்கிப் போனதால் கல்லை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

வீராயி அரிவாளோடு வாசலில் நின்றாள். "என்னய்யா, கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சு புள்ள!" பொம்மையன் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். சிரித்த முகத்தோடு வீட்டைத் தாண்டி நடந்தான். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

"ஏய்யா, வீடு இங்க இருக்கு! எங்க போற?"

"இரு புள்ள, எல்லைக்கல்லையே இன்னும் காணோம். ஊர் வந்ததும் வீட்டுக்கு வந்துடுறேன்!"